யார் சொல்ல, யார் கேட்க: மறுகன்னப் போதனையின் வலிமையும் எல்லையும்

கன்னத்தில் அறைந்தவனுக்கு மறுகன்னத்தையும் காட்டச் சொல்லும் இயேசுவின் போதனையை மிகக் கூர்மையாகத் தாக்கியவர் ஜெர்மன் சிந்தனையாளர் ஃபிரீட்ரிக் நீட்சே. 1887இல் வெளியான ஒழுக்கநெறிகளின் மரபுவழி பற்றிய நூலில் அவர் முன்வைத்த குற்றச்சாட்டு இதுதான்: திருப்பி அடிக்கத் திராணியில்லாதவர்கள் தம் இயலாமைக்கு நற்குணம் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள், பழிவாங்க முடியாமை, பழிவாங்க விரும்பாமை என்று வேடம் கட்டிக்கொண்டது, அந்த வேடத்தைத்தான் கிறிஸ்தவம் மன்னிப்பு என்கிறது. இதை மதவிரோதி ஒருவரின் ஏச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. நீட்சே லூத்தரன் சபைப் போதகரின் மகன். இப்போதனை இடம்பெறும் மலைப்பொழிவைக் கேட்டு வளர்ந்தவர். அவர் எழுப்பும் கேள்வியும் நேர்மையான கேள்வி. ஒருவன் அடிவாங்கிவிட்டுச் சும்மா இருக்கிறான். அடிக்க முடியாததால் சும்மா இருக்கிறானா, முடிந்தும் சும்மா இருக்கிறானா? வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பொறுமை கோழைத்தனம் ஆகாது என்று பிரசங்க மேடையில் முழங்குவது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. இரண்டையும் எதைக்கொண்டு பிரித்தறிவது என்று சொன்னால்தான் பதிலாகும்.

இக்கட்டுரையின் வாதம் பின்வருமாறு. திருப்பி அடிக்காமை என்ற செயலில் மட்டும் வலிமையும் இல்லை, பலவீனமும் இல்லை. அடிபடும் இடத்தில் நிற்பவர் தம் இடத்தைவிட்டு நகராமல், நடந்தது அநியாயம் என்று வாய்திறந்து சொல்லிக்கொண்டே, கையை மட்டும் ஓங்காதிருந்தால் அது வலிமை. வன்முறையாளரால் தர முடியாத, பறிக்கவும் முடியாத வலிமை. அதே போதனையை, அடிக்கும் கைக்குச் சொந்தக்காரரோ அவருக்கு வேண்டியவரோ அடிபடுபவருக்கு எடுத்துச் சொல்லும்போது அது அடியின் தொடர்ச்சியாகிவிடுகிறது. ஆகவே போதனையின் தன்மையைத் தீர்மானிப்பதில், யார் யாருக்குச் சொல்கிறார் என்பது வாக்கியத்தின் பொருளுக்கு இணையான இடம் பெறுகிறது. முதலில் நற்செய்தி நூல்களின் சாட்சியத்தையும், அடுத்து 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் நடத்திய போராட்டத்தையும் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் இப்போதனையைக் கண்ணுக்குக் கண் என்ற பழைய சட்டத்துக்கு எதிரே வைக்கிறது. அந்தச் சட்டமே ஒரு கட்டுப்பாடுதான்: ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே என்று பழியின் அளவுக்கு அது எல்லை போட்டது. இயேசு அந்த எல்லையையும் தாண்டிப் போகிறார். அவர் தரும் முதல் உதாரணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அறை விழுவது வலக்கன்னத்தில். எதிரெதிரே நிற்கும்போது வலக்கை உள்ளங்கையால் அறைந்தால் அது இடக்கன்னத்தில் விழும். வலக்கன்னத்தில் விழ வேண்டுமானால் புறங்கையால் அறைய வேண்டும். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பாபா காமா பகுதியின் எட்டாம் அதிகாரத்தில், கன்னத்தில் அறைந்தால் 200 சூஸ் நாணயமும், புறங்கையால் அறைந்தால் 400 சூஸும் ஈடு தர வேண்டும் என்று விதிக்கிறது. புறங்கை அறை கூடுதலாக வலிப்பதில்லை, கூடுதலாக அவமானப்படுத்துகிறது. இரட்டிப்பு ஈடு அந்த அவமானத்துக்குத்தான். மிஷ்னா கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டது என்றாலும், அது பதிவுசெய்யும் மானக் கணக்கு அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கும் பொதுவானது. அப்படியானால் இயேசுவின் உதாரணம் கொலைவெறியோடு பாயும் எதிரியைப் பற்றியதாக இருக்க முடியாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை, நீ இன்ன இடத்தில் இருக்க வேண்டியவன் என்று காட்டுவதற்காக அறையும் அறை அது. கேட்டுக்கொண்டிருந்த கலிலேயக் கிராமத்தாருக்கு அந்த அறை புதிதல்ல. அவர்கள் ரோமாபுரிக்குக் கட்டுப்பட்ட ஏரோது அந்திப்பாவின் குடிமக்கள். சொன்னவரும் அதே மண்ணில், அதே நிலையில் இருந்தவர். பின்னாளில் தாமே அறை வாங்கப் போகிறவர்.

அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த நுணுக்கத்தை மேலும் வளர்த்தார். மறுகன்னத்தைத் திருப்பிவிட்டால் புறங்கையால் அறைய வழியில்லை. சமமானவனை அறைவதுபோல்தான் அறைய வேண்டியிருக்கும். அறைபவரின் தந்திரம் அங்கே தோற்கிறது என்பது அவர் விளக்கம். இது கொஞ்சம் மிகையான விளக்கம் என்றே கருதுகிறேன். லூக்கா இதே போதனையைத் தரும்போது வலக்கன்னம் என்று குறிப்பிடவில்லை. தவிர, அடிக்க நினைப்பவனை முகத்தின் கோணம் தடுத்து நிறுத்தாது. ஆனால் விங்கின் கணக்கு பொய்த்தாலும் அடிப்படை நிற்கிறது: போதனை முகத்தைத் தாழ்த்திக்கொண்டு விலகிப்போகச் சொல்லவில்லை, முகத்தை நிமிர்த்தி அங்கேயே நிற்கச் சொல்கிறது. இதற்கு இன்னும் உறுதியான சான்று யோவான் நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் இயேசுவை அறைகிறான். அவர் மறுகன்னத்தை நீட்டவில்லை, மௌனமாகவும் இல்லை. நான் பேசியது தவறென்றால் தவறு எது என்று காட்டு, சரியென்றால் என்னை ஏன் அடித்தாய் என்ற பொருளில் கேட்கிறார். கை ஓங்கவில்லை, விளக்கம் கேட்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் மார்செல்லினுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இறையியலாளர் அகுஸ்தினார் இதைக் கவனித்து, மறுகன்னம் என்பது உடலின் அசைவைவிட மனத்தின் ஆயத்தத்தைக் குறிக்கிறது என்று முடிவுசெய்தார். அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி நகரில் நடந்துகொண்ட விதமும் இதையொட்டியதே. விசாரணையின்றிப் பகிரங்கமாக அடித்துச் சிறையில் தள்ளிய அதிகாரிகள் மறுநாள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். அவர் மறுக்கிறார். நாங்கள் ரோமக் குடிமக்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்கிறார். அவர் பழிவாங்கவில்லை, ஆனால் நடந்ததை மூடி மறைக்கவும் இடம் கொடுக்கவில்லை.

நீட்சேவின் கேள்வி ஏட்டுச் சான்றுகளோடு தீர்ந்துவிடாது. மனிதர்கள் அதை நடத்திக் காட்டிய இடத்தில்தான் அதைச் சோதிக்க முடியும். ஜேம்ஸ் லாசன் மெத்தடிஸ்ட் சபைப் போதகர். கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவைக்கு ஒத்துழைக்க மறுத்து 13 மாதம் சிறையில் இருந்தவர். பிறகு 1953 முதல் 1956 வரை நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியின் போராட்ட முறைகளைப் படித்தார். 1957இல் ஓபர்லின் கல்லூரியில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது, உடனே தெற்கே வாருங்கள் என்று கிங் வற்புறுத்த, நாஷ்வில் போய் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டே பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். கிளார்க் மெமோரியல் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் 1959 இலையுதிர்காலத்தில் செவ்வாய் இரவுகளில் கூடிய மாணவர்களில் டயான் நாஷ், ஜான் லூயிஸ், பெர்னார்ட் லஃபாயெட் ஆகியோர் இருந்தனர். நடந்த பயிற்சி பிரார்த்தனைக் கூட்டம் போன்றதல்ல. சிலர் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதுபோல் நாற்காலிகளில் உட்கார, மற்றவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக நடித்து வசைச்சொற்களால் திட்டினார்கள்; முகத்தில் சிகரெட் புகை ஊதினார்கள்; நாற்காலியைப் பிடுங்கித் தள்ளினார்கள். விழும்போது தலையையும் வயிற்றையும் எப்படிக் காத்துக்கொள்வது, பக்கத்திலிருப்பவர் மீது அடி குவியும்போது இடையே எப்படிப் புகுந்து அடியைப் பங்கிட்டுக்கொள்வது என்றெல்லாம் கற்றார்கள். அடிப்பவரின் கண்ணிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது அதில் முக்கியமான பாடம். தலை குனிந்து வாங்கும் அடிக்கும், நேருக்கு நேர் பார்த்து வாங்கும் அடிக்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு பாடத்திலேயே அளந்துவிடலாம்.

1960 பிப்ரவரி 13 அன்று 124 மாணவர்கள் கிரெஸ், வூல்வொர்த், மக்லெல்லன் கடைகளுக்குள் நடந்துபோய்ச் சாமான் வாங்கினார்கள். பிறகு வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறும் கவுண்டர்களில் உட்கார்ந்தார்கள். பொருள் விற்கும் கடை காசை வாங்கிக்கொள்ளும். காப்பி மட்டும் தராது. பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் உள்ளே புகுந்து அடித்தது. மாணவர்களை ஸ்டூல்களிலிருந்து இழுத்துப் போட்டார்கள். சிகரெட் நெருப்பை உடம்பில் வைத்தார்கள். பிறகு வந்த போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட 80 பேரளவில் கைது செய்தது. ஒரு வரிசை எழுந்து போலீஸ் வண்டிக்கு நடக்க, காலியான ஸ்டூல்களில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது. லூயிசும் லஃபாயெட்டும் தயாரித்த நடத்தை விதிகள் அச்சிட்டு விநியோகிக்கப்பட்டிருந்தன. திருப்பி அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, கவுண்டரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார வேண்டும், தலைவர் சொல்லும்வரை இடத்தைவிட்டு எழக் கூடாது என்பவை அவற்றில் சில. பதிலடி மறுப்பும் இடத்தைவிட்டு எழாமையும் ஒரே தாளில் இருந்தன. ஒன்றை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் விதித்தபோது நாஷும் லூயிசும் மற்றும் பலரும் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அபராதம் கட்டினால் தங்களைக் கைதுசெய்த அநீதியை ஒப்புக்கொண்டதாகும் என்பது அவர்கள் தந்த விளக்கம். லாசனை அவருடைய பல்கலைக்கழகம் மார்ச் மாதம் வெளியேற்றியது.

ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. வீடு சிதைந்தது, எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, லூபியும் அவர் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் பேசாமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். மேயர் பென் வெஸ்ட் படிக்கட்டில் இறங்கி நின்றார். 21 வயது டயான் நாஷ் அவரிடம், ஒருவரை நிறத்தைக் காரணம் காட்டி மட்டும் பாகுபடுத்துவது தவறு என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். மேயர் பதவியை ஒட்டிக் கேட்கவில்லை. தனி மனிதரின் மனசாட்சியிடம் கேட்டார். வெஸ்ட், தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். யோவான் நற்செய்தியில் காவலனிடம் கேட்கப்பட்ட கேள்வியின் அதே அமைப்பை இங்கே காண்கிறேன்: கை ஓங்காதவர் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அடித்த தரப்பின் தலையில் விழுகிறது. மே 10 அன்று நாஷ்வில் நகர மையத்தின் ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்குக் கவுண்டரில் உணவு பரிமாறத் தொடங்கின.

இப்போது நீட்சேவுக்குத் திரும்பலாம். அவருடைய குற்றச்சாட்டின் மையம் மனத்துக்குள் புளித்துக் கிடக்கும் வன்மம். இன்று பழிவாங்க முடியாதவன் அதைக் கனவில் வாங்கிக்கொள்கிறான், மறுமைக்கு ஒத்திவைக்கிறான் என்கிறார். இதற்குச் சான்றாக இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனை அழைக்கிறார்: கடைசி நாளில் துன்புறுத்திய ஆளுநர்கள் நெருப்பில் வேவதைப் பார்த்து மகிழப்போவதாக எழுதியவர் அவர். இந்த இடத்தில் நீட்சே சொல்வது சரி. தெர்த்துல்லியனின் அந்த வரிகளில் இருப்பது ஒத்திப்போட்ட பழிதான். அதை மன்னிப்பு என்று யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பழியைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்று ரோமருக்கு எழுதிய பவுலையும் அவ்வாறு படிக்க இடமுண்டு. ஆனால் நீதிபதியின் நாற்காலியைக் காலிசெய்வதற்கும், தீர்ப்பு நாளுக்காக நாக்கில் நீர் ஊறக் காத்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு. எது நடந்தது என்று கண்டறிய ஒரு சோதனை இருக்கிறது: எதிரியின் கை தாழ்ந்து தம் கை ஓங்கும்போது, திருப்பி அடிக்காதிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வன்மத்தை அடக்கிவைத்திருந்தவர்கள் அந்த நேரத்தில் அதை அவிழ்த்துவிடுவார்கள். நாஷ்வில் மாணவர்கள் வென்ற வாரத்தில், கடை உரிமையாளர்கள் தலைகுனியாதபடி காரியத்தை முடிக்க ஒத்துக்கொண்டார்கள். சிறு சிறு குழுக்களாக, பேசிவைத்த நேரத்தில், பத்திரிகைகளின் ஆரவாரமில்லாமல் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெற்றி ஊர்வலம் இல்லை, கடைக்காரரைப் பார்த்துக் கொக்கரிப்பு இல்லை. இயலாமைக்கு வேடமிட்டவர்களுக்கு இப்படி வெல்லத் தெரியாது. 1912இல் நீட்சேவுக்கு மறுமொழி எழுதிய ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஷேலர், கிறிஸ்தவ அன்பு வறுமையிலிருந்து பிறப்பதில்லை, நிறைவிலிருந்து வழிவது என்று வாதிட்டார். அவருக்குக் கிடைக்காத வரலாற்றுச் சான்று 48 ஆண்டு கழித்து டென்னசி மாநிலத்தில் கிடைத்தது.

இதை மறுத்து எழும் முதல் குரல் கிறிஸ்தவ மரபுக்குள்ளிருந்தே வருகிறது. அமெரிக்க இறையியலாளர் ரெய்னால்ட் நீபூர் 1932இல் வெளியிட்ட நூலில், வன்முறையற்ற போராட்டமும் ஒருவகை வற்புறுத்தல்தான், மலைப்பொழிவின் எதிர்ப்பற்ற அன்பு வேறு, இது வேறு என்று பிரித்தார். காந்தியின் அந்நியத் துணிப் புறக்கணிப்பு இங்கிலாந்தின் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களையும் தாக்கியதைச் சுட்டினார். கறுப்பினத்தவரின் விடுதலைக்கு இந்த முறையே வழியாகலாம் என்று முன்கூட்டிச் சொன்னவரும் அவர்தான் என்பதால் அவர் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நாஷ்வில்லிலும் கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர் காலத்தில் நகர மையக் கடைகளைப் புறக்கணித்தார்கள்; கடைக்காரர்களின் கணக்குப் புத்தகம் வலித்தது; அந்த வலிதான் பேச்சுவார்த்தைக்கு அவர்களை இழுத்தது என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆயினும் வற்புறுத்தல் எல்லாம் பதிலடி ஆகாது. பதிலடிக்கு அடியின் கணக்கு வேண்டும். எனக்கு நேர்ந்த வலிக்கு ஈடாக உனக்கு இவ்வளவு வலி என்று அது அளக்கும். புறக்கணிப்பு, அநீதி நின்ற அன்றே நின்றுவிடுகிறது; கடந்துபோன அவமானங்களுக்கு வட்டி கேட்பதில்லை. பிலிப்பியில் பவுல் அதிகாரிகளை வரவழைத்ததும் வற்புறுத்தல்தான். நீபூர் மலைப்பொழிவை எவ்வகை அழுத்தமும் தராத தூய அன்பாக உயர்த்தி வைத்ததால்தான், நடைமுறையிலிருந்து அதை அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. அந்த உயரத்தில் அதை வைத்தது நற்செய்தி நூல்கள் அல்ல.

இரண்டாவது மறுப்பு, பின்னால் துப்பாக்கி இருந்ததால்தான் முன்னால் அகிம்சை நின்றது என்பது. இதில் உண்மை உண்டு. 1956 ஜனவரியில் மாண்ட்காமரியில் வீடு குண்டுவைத்துத் தாக்கப்பட்ட காலத்தில் கிங்கின் வீட்டில் ஆயுதங்கள் இருந்தன. அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் தோன்றிய தற்காப்புத் தொண்டர் அமைப்பு, ஆயுதத்துடன் காவல் நின்று போராட்டக்காரர்களின் உயிர் காத்தது. இவர்களைக் கோழைகள் என்றோ, விசுவாசம் குறைந்தவர்கள் என்றோ சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் நடுநிசியில் குண்டு வீச வருபவனைத் தடுக்கும் காவல் வேறு, அவமானத்துக்கு அவமானம் திருப்பித் தரும் பழி வேறு. மலைப்பொழிவின் உதாரணங்கள் (அறை, வழக்கு, சுமை தூக்கவைக்கும் கட்டாயம்) எல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. லியோ டால்ஸ்டாய் இந்தக் கோட்டை அழித்துவிட்டு, நீதிமன்றமும் காவல்துறையும் உட்பட எல்லாப் பலப்பிரயோகத்தையும் ஒரே தீமையாகக் கண்டார். டால்ஸ்டாயிடம் நமக்கொரு பந்தம் உண்டு. 1908இல் இந்தியர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னா செய்யாமை அதிகாரக் குறள்களை எடுத்தாண்டார். அந்தக் கடிதத்தைக் காந்தி 1909இல் கப்பல் பயணத்தின்போது குஜராத்தியில் மொழிபெயர்த்தார். வள்ளுவரையும் மலைப்பொழிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தக் கண் அரியது. ஆனால் அதே வள்ளுவர் அரசனின் செங்கோலுக்கும் படைக்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்திருக்கிறார் என்பதற்கு டால்ஸ்டாயின் வாசிப்பில் இடமில்லை. இன்னா செய்தவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறையும், குடிகளைக் காக்க வேண்டியவரின் கடமையும் ஒன்றாகிவிடாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பை இனித்தான் எடுத்துக்கொள்கிறேன். இந்தப் போதனையை அதிகம் கேட்டவர்கள் யார்? அமெரிக்கத் தெற்கின் தோட்டங்களில் எஜமானர் கூட்டிவந்த போதகர்கள், எஜமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற நிருப வசனங்களைத்தான் அடிமைகளுக்குத் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார்கள். இறையியலாளர் ஹவர்ட் தர்மன் 1949இல் வெளியிட்ட நூலில் தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். அடிமையாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரனை வேதாகமம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய கொரிந்தியர் அதிகாரம் மட்டுமே விதிவிலக்கு. எஜமானரின் போதகரிடம் கேட்டதெல்லாம் போதும், என்றாவது விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று அப்போதே முடிவெடுத்திருந்தார். எந்த ஆய்வேட்டுக்கும் குறையாத வாசிப்பு அது. முதல் பேதுரு நிருபம், அநியாயமாக அடிபடும் அடிமைகளுக்கு இயேசுவின் மௌனத்தை முன்மாதிரியாகக் காட்டுகிறது. அதை எழுதியவர் அடிபட்டுக்கொண்டிருந்த சிறு கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வசனம் எஜமானரின் வாய்க்குப் போனதும் அதன் பொருள் தலைகீழானது. தென்னாப்பிரிக்காவில் 1985இல் இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் இதே காரணத்துக்காகத்தான் சபைகளைச் சாடியது: அரசின் துப்பாக்கிக்கு வன்முறை என்று பெயரிடத் தயங்கிய சபைகள், கல்லெறிந்த இளைஞர்களுக்கு மட்டும் அகிம்சை போதித்தன. இன்றும் கணவன் கையால் அடிபடும் பெண் ஆலயத்துக்கு வந்து சொல்லும்போது, பொறுத்துக்கொள், சிலுவையைச் சும என்று திருப்பி அனுப்பும் போதகர் செய்வது அதேதான்.

இதில் மிக வேதனையான சான்று பதிலடி மறுப்பையே உயிர்மூச்சாகக் கொண்ட மெனோனைட் சபைக்குள்ளிருந்து வருகிறது. ஜான் ஹவர்ட் யோடர் 1972இல் வெளியிட்ட இயேசுவின் அரசியல் பற்றிய நூல், இருபதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அகிம்சைக்கு எழுந்த மிகச் செல்வாக்கான அறிவார்ந்த வாதம். அதே யோடர் நீண்ட காலம் பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார். அவர் பணியாற்றிய இறையியல் கல்லூரி அதை வெளியே தெரியாமல் சமாளித்தது. 2015இல்தான் பாதிக்கப்பட்ட பெண்களின் முன் பகிரங்கமாகத் தவற்றை ஒப்புக்கொண்டது. சமரசம், மன்னிப்பு, பொறுமை என்ற சொற்கள் எல்லாம் அந்த நிறுவனத்தில் இருந்தன. அவை, முறையிட்ட பெண்களை நோக்கித் திரும்பின, பேராசிரியரை நோக்கித் திரும்பவில்லை. யோடரின் நூலை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படிப்பவர் இதையும் அறிந்தே படிக்க வேண்டும். ஏனெனில் இந்த நிகழ்வு போதனையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுகிறது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லும் வாயை அடைத்துவிட்டு, கையை மட்டும் கட்டச் சொன்னால் மீதமிருப்பது இயேசு அந்தக் காவலன் முன் செய்ததற்கு நேர் எதிரானது. காவலில் நிற்கும் இயேசு கேள்வி கேட்டார். இந்தப் பெண்கள் கேட்டபோது கேள்வியே குற்றமாக்கப்பட்டது. காவல்நிலையத்தில் புகார் கொடுப்பதும், வீட்டைவிட்டு வெளியேறுவதும், பெயரைச் சொல்லி முறையிடுவதும் பதிலடி ஆகாது. அவை அநியாயத்துக்கு விளக்கம் கேட்கும் வழிகள். அவற்றைத் தடுக்கும் போதகரின் வாயில் மலைப்பொழிவு அதன் உரிமையை இழந்துவிடுகிறது.

கடைசியாக, பிறர் கன்னத்தின் கேள்வி. என்னை அடித்தால் நான் பொறுக்கலாம். என் கண்முன் குழந்தையை அடித்தால்? அகுஸ்தினார் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே வைத்தார்: தன்னைக் காத்துக்கொள்ளக் கொல்வதை அவர் ஏற்கவில்லை, பொதுப் பொறுப்பில் இருப்பவர் பிறரைக் காக்கச் செய்வதற்கு மட்டும் இடம் விட்டார். அந்த இடைவெளி வழியே படையெடுப்புகளும் மதவிசாரணைகளும் நுழைந்துவிட்டன என்பது வரலாறு, ஆகவே அவருடைய வரம்பை நம்பி ஓய்ந்திருக்க முடியாது. ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலைப்பொழிவின் கீழ்ப்படிதலைப் பற்றி எழுதியவர்; பிறகு ஹிட்லரைக் கவிழ்க்கும் சதியில் சேர்ந்து, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம் முடிவுக்கு ஏற்ப மலைப்பொழிவை வளைக்கவில்லை. பிறருக்காகத் தாம் குற்றப்பழியை ஏற்பதாகவே அதை எண்ணினார். நல்லது செய்கிறேன் என்ற நிம்மதியை அவர் தமக்கு வழங்கிக்கொள்ளவில்லை. இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்துவதில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. மறுகன்னம் என்பது தன் கன்னம். ஒருவர் தம் சார்பில் மட்டுமே அதைக் காட்ட முடியும்; இன்னொருவரின் கன்னத்தை அவருக்காகத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் போதகருக்கோ தலைவருக்கோ பெற்றோருக்கோ கிடையாது. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காமில் பள்ளிச் சிறுவர்களைப் போலீசின் தண்ணீர்ப் பீரங்கிகளுக்கும் நாய்களுக்கும் முன்னே நிறுத்திய போராட்டத் தலைவர்களின் முடிவு, அது ஈட்டிய பலன் எவ்வளவு பெரிதானாலும், இந்தக் காரணத்தால் இன்றும் விவாதத்துக்குரியது. நாஷ்வில் பட்டறை இந்த இடத்தில் கண்டிப்பாக இருந்தது. அடியை வாங்கிக்கொண்டு கையைக் கட்டி உட்கார முடியாது என்று நினைப்பவர்கள் கவுண்டருக்கு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. யாரும் அவர்களைக் குறைவாக மதிப்பிடவில்லை; யாருக்காகவும் யாரும் சம்மதம் கொடுக்கவும் இல்லை.